ஒரு வீதம்

மாரியில் போத்தலைத் திறக்கக் கூடாது.
இரணைமடு வான் பாய்ந்த கிழமையில்
டிலக்சிகா திறந்துவிட்டாள்.
காற்றின் ஈரத்தைக் குடித்த திரவம்
அறை முழுக்க அமோனியாவை விட்டது.
காவலாளி யோகராசா கதவடியில் நின்று கேட்டார்:
"ஆட்டுக்கொட்டில் ஏதும் கழுவினனீங்களோ, பிள்ளையள்?"

அறிவியல் நகரில், தகரக் கூரைக்குக் கீழே
நாங்கள் செய்வது ஒரு பலகை.
உள்ளங்கை அகலம், அரை விரல் தடிப்பு.
பன்னிரண்டு அடுக்குக் கறுத்த துணி,
தலைமயிரின் பத்திலொரு பங்கு மெல்லிய கரிநாரில் நெய்தது.
அதற்குள் ஊறுவது மண்ணெண்ணெய் போல ஓடும் ஒரு பிசின்.
காற்றில்லாத உலையில் அது எரியாது;
வெந்து, புகைந்து,
மண்ணே படாத மட்பாண்டமாகும்.

பரந்தனில் ஒரு அரிசி ஆலை.
அதன் உமியடுப்பு
மூன்று மாதத்துக்கு ஒரு இரும்புத் தட்டைத் தின்னும்.
முதலாளி கேட்டது: "ஆறு மாதம் தாங்குமோ?"
நாங்கள் சொன்னது: "பாப்பம்."

பையில் வைத்து, காற்றை உறிஞ்சி,
திரவத்தை விடுவோம்.
பிறகு ஆயிரம் பாகை,
மூச்சுக்கு நைதரசன் மட்டும்.
வெளியே எடுத்தால்
பிசினின் காற்பங்கு புகையாய்ப் போயிருக்கும்,
மிச்சம் சுருங்கி வெடித்திருக்கும்
ஆவணி மாதத்துக் குளத்தடி மாதிரி.
வெடிப்புக்குள் மறுபடி திரவம்.
மறுபடி உலை.
மறுபடி தராசு.

கொப்பியில் என் கையெழுத்து:
இருபத்தொரு வீதம் கூடியது.
பிறகு பன்னிரண்டு. ஏழரை. மூன்று.
ஒரு வீதத்துக்குக் கீழே வந்தால் நிறுத்தலாம்.
நிரம்பியதால் அல்ல.
வாய்கள் அடைபட்டுப்போயிருக்கும்.
உள்ளே வெற்றிடம் இருக்கும்,
போக வழியிராது.

ஐந்தாம் சுற்று. இரவு பத்தே கால்.
எழுநூற்றுப் பத்துப் பாகையில் கரண்ட் போனது.
முறிகண்டிப் பக்கம் வயரில் மரம் விழுந்ததாம்.
ஜெனரேற்றரில் டீசல் இல்லை, அது வேறு கதை.
உலை ஆறட்டும், பரவாயில்லை.
வாயு நின்றால்தான் ஆபத்து.
ஒட்சிசன் ஒரு மிடறு போனால் போதும்,
நார் எரிந்து கோது மிஞ்சும்.
சிலிண்டரின் முள் நாற்பதில் நின்றது.
அடுத்த சிலிண்டர் கொழும்பில்,
லொறி வெள்ளிக்கிழமை.

மதுசாந்த் வால்வைத் துளித்துளியாக இறுக்கினான்.
வெளிக்குழாயின் முனை தண்ணீர்ப் போத்தலில்.
ஒரு குமிழ்.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
இன்னொரு குமிழ்.
வெளியே தவளைகள் எண்ணிக்கையைக் குழப்பின.
பற்றறி மானியில் நான் வாசித்தேன்:
அறுநூற்று முப்பது. ஐந்நூற்று அறுபது.
டிலக்சிகா கைபேசி வெளிச்சத்தில் எழுதினாள்.
முந்நூறு வரும்வரை ஒருவரும்
தேத்தண்ணியைப் பற்றிக் கதைக்கவில்லை.
இருநூறு வந்தபோது நாலே முக்கால்.
முள் மூன்றில்.

கரண்ட் வந்த பிறகு, பகல்,
ஓரத்தில் ஒரு கீற்று வெட்டி வளைத்துப் பார்த்தோம்.

கடந்த வருடத்துப் பலகை
"டக்" என்று பிஸ்கட் மாதிரி போனது.
நாரும் சட்டியும் இறுகக் கட்டிக்கொண்டிருந்தன,
ஒன்றில் விழுந்த வெடிப்பு
மற்றதையும் நேரே அறுத்துக்கொண்டு போயிற்று.
இந்த முறை நாருக்கு முதலிலேயே
மெல்லிய ஒரு கரிப்பூச்சு,
ஒட்டியும் ஒட்டாமலும் இருக்க.

கோடு ஏறியது.
சறுக்கியது. விழுந்ததென்று நினைத்தோம்.
திரும்ப ஏறியது.
வெடிப்பு நாரடிக்கு வந்து,
குறுக்கே போக ஏலாமல்
அதன் ஓரமாய்த் திரும்பி அலைந்திருக்கிறது.
சீலை கிழிகிற சத்தம்,
நீளமாய், அவசரமில்லாமல்.
மதுசாந்த் அதைக் கைபேசியில் பதிந்து
மூன்று தரம் கேட்டான்.

யோகராசா முறிந்த கீற்றைத் திருப்பிப் பார்த்தார்.
வாயோரத்தில் நார்கள் சிலிர்த்து நின்றன.
"இது உடைஞ்சதோ, உடையேல்லையோ?"
எங்களுக்கும் அதே கேள்விதான்.

ஆறாம் சுற்று முடிந்து நேற்று நிறுத்தேன்.
ஒன்று தசம் ஒன்று.
"இன்னொருக்கா?" என்றாள் டிலக்சிகா.
போத்தலில் அரைவாசி இருந்தது.
யன்னலைப் பார்த்தேன்.
மழை விடவில்லை.