ஒற்றைப் பத்தி

அமைச்சரின் தொப்பைக்கு
நான்கு பத்தி அகலம் வேண்டும் அடெலினோவுக்கு.
மார்ச்சில் மூன்றாகக் குறைத்தார்கள்.
தாள் விலை, என்றார் ஆசிரியர்.
வங்கிக் கட்டடத்தை அழித்துவிட்டுத்
தொப்பையைக் காப்பாற்றினான்.

ஜூனில் இரண்டு.
சம்பளமும் பாதி; அதை யாரும் வரையவில்லை.

பெல்ட்டை இறுக்கச் சொல்லி
லிஸ்பனில் அறிவித்த அன்று
செதூபல் துறைமுகத்தில் ஐம்பது பேரை
ஒரே பெல்ட்டில் கட்டி நிறுத்தினான்.
பெல்ட் இல்லாதவர் ஈரத்துணி கட்டலாம்
என்று அடியில் எழுதினான்.
ஏழைக்கு மை அதிகம் செலவாகாது.
எலும்புக்கு ஒரு கோடு.
மிச்சமெல்லாம் சுருட்டுப் புகைக்கே போகும்.

செப்டம்பரில் ஒற்றைப் பத்தி,
தபால்தலை அளவு.
தொப்பை நுழையவில்லை.
தலையும்.
பளபளக்கும் ஷூ ஒன்றை மட்டும் வரைந்து
கையெழுத்திட்டான்.

மறுநாள் சந்தையில்
மத்தி சுற்ற அந்தப் பக்கத்தைக் கிழித்த டோமிசிலியா
தாளை விளக்குக்கு நேரே பிடித்தாள்.
"ஆள் தெரிகிறது."
பிறகு செதிள் ஒட்டிய விரலை
ஷூவின் அடியில் வைத்து,
"இங்கே என் மகன் இருக்கிறான்.
அவனை ஏன் விட்டுவிட்டாய்?"

இடமில்லை என்று சொல்ல
அடெலினோவுக்கு வாய் வரவில்லை.
அதைச் சொல்லித்தான்
அவனை எல்லா வாசலிலும் திருப்பி அனுப்புகிறார்கள்.