மூன்றாம் ஜன்னல்

லாட்வியாவின் கிழக்கு ஓரம், ஏரிகளுக்கு நடுவே ஒரு சிற்றூர்.
வேலைவாய்ப்பு அலுவலகத்தில்
மூன்றாம் ஜன்னல் என்னுடையது.

பதினெட்டுச் சதவீதம் ஒன்பதானது.
ரீகாவிலிருந்து வந்தவர்கள் கேக் வெட்டினார்கள்.
எனக்கும் ஒரு துண்டு.

பதினெட்டு எப்படி ஒன்பதானது என்று
எனக்குத் தெரியும்:
இரவு பதினொன்றுக்கு, தேவாலயத்தின் எதிரே,
விமான நிலையம் போகும் வெள்ளை வேன்.
தொனாத்ஸ் அதில் போனான், அயர்லாந்தில் காளான் பறிக்க.
வலேரியா போனாள். அவள் தம்பி போனான்.
கோப்பை மூட என்னிடம் இருக்கும் முத்திரை
"பதிவு நீங்கியது" என்கிறது.
எங்கே என்று கேட்கும் முத்திரையை
யாரும் செய்து தரவில்லை.

தலைக்கு இவ்வளவு என்று வகுக்கிறார்கள்.
தலைகள் குறையக் குறைய
வருமானம் ஏறுகிறது.
இப்படியே போனால்
கடைசியாக மிஞ்சுபவர் கோடீஸ்வரர்.
அநேகமாக லெயோன்தினா.
முழங்கால் வலி, ஊரைவிட்டு நகரமாட்டாள்.

குறை சொல்லவில்லை.
சாலை உண்மையிலேயே நல்ல சாலை.
மூடிக் கிடந்த பால்பவுடர் ஆலையில்
இப்போது கேபிள் செய்கிறார்கள்.
அறுபது பேர் கேட்டார்கள்,
இருபத்திரண்டு பேரை அனுப்பினேன்,
நாலு பேருக்கு அடுத்த ஆண்டு ஓய்வூதியம்.
"மீதி?" என்றார் மேலாளர் தொலைபேசியில்.
சட்டியில் இருந்தால்தானே அகப்பையில்.
நல்ல மனிதர். இரண்டு முறை சம்பளத்தை உயர்த்தினார்.
மூன்றாம் முறை,
இயந்திரங்களை ஏற்றிச்செல்ல லாரி வாடகை என்ன ஆகும் என்று
சும்மா கேட்டுவைத்தார்.

மழலையர் பள்ளிக்குப் புதுக் கூரை,
தரைக்கடியில் வெந்நீர்க் குழாய்.
செப்டம்பரில் சேர்ந்த பிள்ளைகள் ஏழு.
அதில் இரண்டு, ஆசிரியையின் இரட்டையர்.

ஈஸ்டருக்குத் தொனாத்ஸ் வந்திருந்தான்.
"கேபிள் ஆலையில் இடம் இருக்கிறது" என்றேன்.
"எவ்வளவு?"
சொன்னேன்.
அவன் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.
மகள் அங்கே பள்ளியில் சேர்ந்துவிட்டாளாம்,
அவர்கள் ஊர் ஆங்கிலத்தில் கனவு காண்கிறாளாம்.
கிளம்பும்போது சாலையைப் புகழ்ந்தான்:
"விமான நிலையத்துக்கு முன்பெல்லாம் ஐந்து மணி நேரம்.
இப்போது மூன்றரைதான்."

நவம்பரில் நாலு மணிக்கே இருட்டு.
ஜன்னலைச் சாத்திப் பூட்டி நடக்கிறேன்.
புதுத் தெருவிளக்குகள் ஆளைக் கண்டால்தான் எரியும்.
ஒவ்வொன்றாக எனக்கு முன்னே விழிக்கின்றன,
ஒவ்வொன்றாக எனக்குப் பின்னே அணைகின்றன.

எவ்வளவு மின்சாரம் மிச்சம் என்று
அடுத்த அறிக்கையில் வரும்.
நான்தான் தட்டச்சு செய்வேன்.