முழுநேர மாணவர்

கெடு முடிய நாற்பது நிமிடம்.
ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி, பதினோராவது மாடியில்
அப்பாவின் வரிப் பாரத்தை நான் நிரப்புகிறேன்.
“பதினெட்டைத் தாண்டிய பிள்ளை
முழுநேரம் படிக்கிறாரா?”
“எட்டாயிரம் கழியுமாம். போடு” என்கிறார்,
மீயை ஊதியபடி.

காப்புறுதிக்காரனுக்குத் தெரியும்.
ஜெலுத்தோங் வளைவில் மோட்டார் சறுக்கி
மணிக்கட்டு முறிந்த அன்று
பட்டியலில் என் பெயர் இல்லை.
தவணையை ஒத்திவைத்தவளுக்குக் காப்பு கிடையாதாம்.
இரண்டு வரிக் கடிதம்,
ஹெல்மெட் உறைக்குள் இன்னும் மடிந்து கிடக்கிறது.
வீட்டில் சொன்னது: விடுதிப் படிக்கட்டு.

ஆம். இல்லை.
இரண்டு வட்டமும் காலி.
“என்னம்மா, லைன் இல்லையா?”

“இருக்குப்பா.”
மூக்குக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்து
மடிக்கணினியைத் திருப்பி வைக்கிறேன்.
“இந்தக் கேள்விய நீங்களே ஒருதரம் வாசிங்க.”