கண்மணி அளவு

"மருந்து அடிச்சிட்டு வந்தவரு, வரப்புலயே விழுந்துட்டாரு"
என்றாள் தையல்நாயகி.
அதை நான் நஞ்சு என்று எழுதினேன்.
வைரக்கண்ணு, நாற்பத்தொன்று, ஆலத்தம்பாடி.
நஞ்சை ஒன்றே கால் ஏக்கர், குத்தகை.
குறுவைக்கு இரண்டாம் தெளிப்பு;
காற்று திரும்பியதைப் பார்க்கவில்லை.
சட்டையில் பூண்டு வாடை.

வாயோரம் நுரை. நெஞ்சுக்குள்
மடை உடைந்த தண்ணீர்ச் சத்தம்.
இமையை விலக்கி டார்ச் அடித்தேன்:
கண்மணி ஒரு கடுகு, அதிலும் பாதி.

அட்ரோபின்.
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, முறைக்கு இரட்டிப்பு.
குப்பியின் கழுத்தை ஒடித்து ஒடித்துக்
கட்டைவிரலில் கீறல்.
திருத்துறைப்பூண்டி ஸ்டோர் அலமாரியில் மீதி ஒன்பது.
டாக்டர் திருவாரூருக்குப் போன் போட்டார்.
வருகிறது என்றார்கள்;
வருகிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் குப்பியில் இருப்பது
பிணவறைக்குப் பின்னால்
யாரும் நடாத ஊமத்தையிலும் இருக்கிறது.
ஊதா விளிம்புப் பூ, முள்ளுக்காய்.
ஆடு கடிக்காது.
பிரதோஷத்தன்று மட்டும் ஒருவர் வந்து
பித்தனுக்கென்று பறித்துப்போவார்.
படிக்கையில் இரண்டு மதிப்பெண் கேள்வி:
அல்கலாய்டு, வரையறு.
'கசக்கும்' என்று தொடங்கினேன்.
அரை மதிப்பெண்.

ஒரு மணிக்கு நெஞ்சு வறண்டது, நாக்கும்.
கண்மணி மிளகானது. மிளகையும் தாண்டியது.
அப்போதுதான் வைரக்கண்ணு வேலையைத் தொடங்கினார்.
போர்வையில் இரு கையாலும் நாற்றுப் பறித்தார்.
காலில் தட்டிச் சேறு உதறினார்.
இல்லாத நாரால் முடி கட்டினார்.
"புடி புள்ள, கைய நீட்டு. மழ வருது."

பைத்தியமாயிட்டாரே என்று அழுதாள்.
"இல்லம்மா, மருந்து பேசுது" என்றேன்.
"எந்த மருந்துங்க?"

அளவு மிஞ்சிவிட்டது, சொட்டைக் குறைக்க வேண்டும்.
குறைத்தேன்.
அதற்கு முன் கை நீட்டி
ஒரு முடி வாங்கிக்கொண்டேன்.
வாங்காவிட்டால் கோபித்துக்கொள்கிறார்.
விடிவதற்குள் கட்டிலடியில் பதினேழு.

காலை ஒப்படைப்புக் குறிப்பு:
கண்மணி நான்கு மில்லிமீட்டர்.
நுரையீரலில் சத்தமில்லை.
பெயர் கேட்டால் சொல்கிறார், மனைவி பெயரும்.
பதினேழு முடிக்கு அதில் கட்டமில்லை.

வார்டைக் கூட்ட வந்த பெண்ணிடம்
அந்தக் கட்டிலடியை மட்டும்
கொஞ்சம் பார்த்துக் கூட்டச் சொன்னேன்.