ஒன்றுக்கு நாற்பத்து மூன்று

கொம்பையா ஏட்டின் உள்ளங்கைக்குள்
கார் அடங்கிவிடும்.
அதனால் அவர் ஒருபோதும்
கார் பக்கத்தில் நிற்கக் கூடாது.
ஏட்டு பேசுவார், கட்.
தூரத்தில் கார் போகும், கட்.
ஏட்டு கழுத்தைத் திருப்புவார்.
வண்டியில் அவர் ஏறி உட்காருவதெல்லாம்
பார்க்கிற பிள்ளைகளின் பாடு.

கைலாசபுரத்தில் ஒரு பழைய உரக் குடோன்.
உள்ளே, மேசைமேல், நாங்குநேரி விலக்கு.
தேரி மணலை வேட்டித் துணியில்
மூன்று தரம் சலித்துப் போட்ட ரோடு.
காய்ந்த ஆவாரங்குச்சிதான் புளியமரம்.
பனைக்கு என்ன செய்தும் பனை வரவில்லை,
அந்தப் பக்கம் கேமராவைத் திருப்புவதில்லை.

கார்கள் என் பொறுப்பு.
பதினோரு கார், ஒரு லாரி, ஒரு டவுன் பஸ்.
மேலப்பாளையத்தில் துபாய்க்காரர் வீட்டுப் பையன்கள்
விளையாடிச் சலித்தவை,
ஒரு புது கிரிக்கெட் மட்டைக்கு மொத்தமும்.
துத்தநாக வார்ப்பு, கையில் எடுத்தால் குளிரும்.
உப்புத்தாளால் மினுக்கத்தைத் தேய்த்து
டீத்தூள் தண்ணீர் பூசி
ஒரே ராத்திரியில் பத்து வருசம் ஓடவிட்டேன்.
நம்பர் பிளேட்டில் டி.என். 72,
அதற்குமேல் எழுத இடமில்லை.

முதல் நாள் ரஷ் பார்த்துவிட்டு
கேமரா மசூது சொன்னார்:
"காரு துள்ளுதுவே. கனம் காணாது."
ஆற்றில் வலை போடுகிறவரிடம்
ஈயக்குண்டு வாங்கித் தட்டி
சீட்டுக்கு அடியில் திணித்தேன்.
நொடிக்கு நூற்றிருபது பிரேம் எடுத்து
இருபத்தைந்தாக ஓட்டினோம்.
அப்போது அது குழியில் இறங்கி ஏறியதைப் பார்த்தால்
ஓட்டுகிறவனுக்கு
வீட்டில் கடன் இருப்பது தெரிந்தது.

நெருப்பைக்கூட ஏமாற்றிவிடலாம்.
பதினேழாம் பகுதியில் குளம் உடைந்து
ஊருக்குள் வெள்ளம் வரவேண்டும்.
விழுந்த சொட்டு ஒவ்வொன்றும்
முகப்பு விளக்கு அளவுக்கு இருந்தது.
சோப்பு கலந்தோம், பால் கலந்தோம்,
டேபிள் ஃபேன் வைத்து அலையடித்தோம்.
"தண்ணிக்குச் சின்னப்பிள்ளை வேசம் வராதுவே" என்று
டைரக்டர் ஞானதுரை கதையை மாற்றினார்.
வெள்ளத்துக்குப் பதிலாக
ஒரு ஆடு குறுக்கே வந்தது.

மார்கழி பிறந்து இரண்டாம் நாள்.
விடாத மழை. அணையைத் திறந்தாச்சு என்றார்கள்.
குடோன் சாவி என் சட்டைப்பையில்,
நான் பாளையங்கோட்டையில்,
ஆறு நடுவில்.
மசூது ஒரு வீடியோ அனுப்பினார்.
பார்த்ததும் என் வாயில் வந்தது,
கடவுள் மன்னிக்கட்டும்,
"ஸ்கேல் தப்பு."

ஒரு வெள்ளைக் கார் சுற்றிச் சுற்றிப் போனது.
ஒரு நீலம் வந்து அதை மெல்ல முட்டியது.
கனமே இல்லை.
யாரும் ஈயம் வைக்கவில்லை.
இப்படி ஒரு ஷாட் வந்திருந்தால்
மறுபடி எடுப்போம் என்றிருப்பேன்.

பிறகுதான் நீலத்தின் பின்கண்ணாடியைப் பார்த்தேன்.
ரூபன், ரோஸ்லின்.
ஞானதுரையின் பிள்ளைகள் பேர்.
இன்னும் பதினான்கு தவணை பாக்கி.
உள்ளே ஆள் உண்டா என்று
நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.
ஒவ்வொரு பிரேமிலும்
கண்ணாடி நிறைய வானம் மட்டும்.

ராத்திரி ஒன்பதுக்கு லைன் கிடைத்தது.
பக்கத்து வீட்டு மாடியில் இருக்கிறாராம்.
ஏட்டும் கூடத்தான்.
ஏட்டின் தொப்பி போய்விட்டதாம்,
அதைத்தான் முதலில் சொன்னார்.

நாலாம் நாள் குடோனைத் திறந்தோம்.
ரோடு இல்லை, புளியமரம் இல்லை,
பெஞ்சு கவிழ்ந்து சுவரோரம் கிடந்தது.
சிமெண்டு மேசையில் பதினோரு காரும்
வைத்த இடத்தில் நின்றன,
ஒரு விரற்கடை நகராமல்.
ஒவ்வொன்றின்மேலும் வண்டல்,
அத்தனை பொடிசாய், அத்தனை சரியாய்.
எந்தத் துணியில் சலித்ததோ.

நான் துண்டை நனைத்து எடுத்தேன்.
"கழுவிராதேயும்" என்றார் மசூது,
கேமராவும் போயிருந்தது,
ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு
மேசையருகே குந்தி.