விருப்பப் பாடம், மூன்று கிரெடிட்

செவ்வாய் மாலை நாலிலிருந்து ஆறு.
அந்த நேரம் மட்டும்தான் காலியாக இருந்தது,
அதனால் இசை.

பாதுகாப்புப் பொறியியல் படிக்க வூப்பர்டால் வந்தவன் நான்.
எனக்குத் தெரிந்த ஓசைக்கெல்லாம் எண் உண்டு.
எண்பத்தைந்து டெசிபலில்
காதடைப்பான் இல்லாமல்
யாரையும் எட்டு மணிநேரம் நிற்க வைக்காதே.
அவ்வளவுதான் ஓசை.

குன்றின் மேல் பல்கலைக்கழகம்.
கீழே, ஆற்றுக்கு மேலே,
கொடியில் காயப்போட்ட சட்டைகள் போல
தொங்கிக்கொண்டு நகர்கிறது ரயில்.

முதல் வகுப்பில் யானிக்
(ஆசிரியர், என்னைவிட நான்கு வயது இளையவர், கடுஞ்சளி)
ஓர் ஒலித்துண்டைப் போட்டுவிட்டு
என்ன கேட்டீர்கள் என்றார்.
பனி உருகுகிறது என்றாள் நூர்ஜான்.
யாரோ யாரிடமோ மன்னிப்புக் கேட்கிறார்கள் என்றான்
பின்வரிசைப் பையன்.
நான் கைப்பேசியைப் பார்த்துச் சொன்னேன்:
எழுபத்தொன்று.

சிரித்தார்கள்.
யானிக் மட்டும் பலகையில் 71 என்று எழுதி,
மூக்கை உறிஞ்சி,
இதுவும் கேட்டதுதான் என்றார்.
அடுத்த வாரமும் யாரும் அதை அழிக்கவில்லை.

பிறகு பெயர்கள் வந்தன.
ஓபோ, கிளாரினெட், பஸ்ஸூன்.
ஒரே வீட்டின் மூன்று மருமகள்கள்போல;
கதவுக்கு வெளியே நின்று கேட்பவனுக்கு
யார் பேசுகிறாள் என்று தெரியாது.
சொனாட்டா வந்தது:
ஒருவன் சொல்வான், மற்றவன் சொல்வான்,
இருவரும் முட்டிக்கொள்வார்கள்,
கடைசியில் முதலாமவன் வீட்டிலேயே
இரண்டாமவனும் குடியேறுவான்.
குளிர்பெட்டியின் நடுத்தட்டை முன்னிட்டு
டோர்பெனும் நானும் இதைத்தான்
இரண்டு செமஸ்டராக வாசிக்கிறோம்.
இன்னும் முட்டும் பகுதியைத் தாண்டவில்லை.

முதியவர்களுக்கான இலவச இருக்கையில் ஹெர் பௌஷ்
வாராவாரம் தூங்குவார்.
முரசு அதிர ஒரு நொடி இருக்கும்போது விழிப்பார்.
எப்படி என்று கேட்டேன்.
முப்பது வருடம் தொங்கு ரயிலில் வேலைக்குப் போனவன், தம்பி,
இறங்குமிடம் வந்தால் கண் தானாகத் திறக்கும்.

வெள்ளி இரவுகளில் எனக்கு பார்மெனில் வேலை.
மருத்துவமனைப் படுக்கைவிரிப்புகளை வெளுக்கும் ஆலை.
காதடைப்பான் இன்றி நுழையாதே என்ற தாள்
வாசலில் நான் ஒட்டியதுதான்.

ஜனவரியில் ஓர் இரவு
இடது காதின் மஞ்சள் பஞ்சை எடுத்தேன்.
ஏன் என்றால் தெரியாது.
உலர்த்திகள் அடிக்குரலில் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தன.
மடிக்கும் எந்திரம் குறுக்கே பேசியது.
இரண்டுக்கும் நடுவில்
மூன்றாம் உலர்த்திக்குள் மெல்லிசாக எதுவோ
அரைத் தட்டு பிந்திப் பிந்தி வந்தது,
கல்யாணத்துக்கு அழைக்காமல் வந்தவர் மாதிரி.

காசிமிரிடம் போய்
அங்கே ஒருவர் தப்பாக வாசிக்கிறார் என்றேன்.
குடித்திருக்கிறாயா என்றார் மேற்பார்வையாளர்.
திறந்தோம்.
தாங்கி உடையவில்லை, தீப்பொறி இல்லை,
நான் யாரையும் காப்பாற்றவில்லை.
ஒரு தாதியின் பேனா.
மையெல்லாம் வற்றும்வரை
இரும்புச் சுவரில் தட்டிக்கொண்டே சுற்றியிருக்கிறது.

காதடைப்பான் அணியாததற்கு
எச்சரிக்கைக் கடிதம் எனக்கு.
நான் ஒட்டிய தாளுக்கு அடியில் நின்று
கையெழுத்திட்டேன்.

தேர்வில் ஆறு துண்டுகள்.
நாலாவது: ஒலிக்கும் கருவியின் பெயர் என்ன?
கருவி தொடங்கும் முன்பே
ஒலிபெருக்கிக்குள் யாரோ மூச்சை இழுத்தார்கள்.
குறுகிய மூச்சு, கொஞ்சம் பயந்த மூச்சு.
மீதி எதுவும் என் காதில் ஏறவில்லை.
கோடிட்ட இடத்தில்
'ஓர் ஆள்' என்று எழுதிவைத்தேன்.

மொத்தத்தில் இரண்டு புள்ளி ஏழு.
நாலாவதுக்குப் பூஜ்யம்.
பக்கத்தில் பென்சிலில், சின்னதாக:
ஓபோ. ஆனாலும், ஆம்.

இந்த செமஸ்டர் செவ்வாய் நாலு மணிக்குத் தீத்தடுப்பு.
ப்ரொஜெக்டர் இரைகிறது.
முப்பத்தெட்டு இருக்கும்.
கைப்பேசியை எடுக்கவில்லை.