பதினொன்றாவது படம்

குருமண்வெளித் துறையில்
பாதை வரும்வரை காத்திருக்கிறேன்.
ஸ்கூட்டியின் கால்மாட்டில் புரொஜெக்டர்,
மடியில் சுருட்டிய பதாகை.
காற்று அதை விரிக்கப் பார்க்கிறது,
'போதையற்ற' வரை வெளியே வந்துவிட்டது.

மண்டூருக்கு அங்கால் ஒரு வித்தியாலயம்.
எண்பது நிமிடம் கேட்டுக் கடிதம் போட்டிருந்தோம்.
அதிபர் கைக்கடிகாரத்தைத் திருப்பினார்.
"சாதாரண தரப் பிள்ளையள் மிஸ்,
இது கணித பாடம். நாப்பதுக்குள்ள முடிச்சிருங்க.
மறுகா, எங்கட பள்ளிக்கூடத்தில அப்படி ஒண்டுமில்ல.
அதையும் எழுதிக்கொள்ளுங்க."
எழுதிக்கொண்டேன்.

மண்டபத்தில் ஒரேயொரு பிளக்,
அதில் மின்விசிறி.
காற்றா படமா என்று கேட்டால்
எந்தப் பிள்ளை படம் என்று சொல்லும்?
நான் கேட்கவில்லை. கழற்றினேன்.

பெயர் எழுத வேண்டாம் என்றுதான்
கேள்வித்தாள் கொடுத்தேன்.
சேர்த்தெடுத்தவர் வகுப்பாசிரியர்,
கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்வார்.
தாள் தாளாக 'இல்லை', 'இல்லை', 'இல்லை'.
ஒருத்தி மட்டும் ஓரத்தில், பென்சிலால்:
"அப்பா கசிப்பு வித்த காசிலதான் எனக்குச் சப்பாத்து.
நான் உறுதிமொழி எடுக்கலாமா?"
என் கையேட்டில் அதற்குப் பக்கமில்லை.

பதினொன்றாவது படத்தில்
பீங்கானில் கொஞ்சம் வெள்ளைப் பொடி,
பக்கத்தில் மண்டையோடு.
"ஐஸ்" என்று வாசித்தேன்.
கடைசி வாங்கிலிருந்து நிதுர்சன்:
"மிஸ், அது பொடியில்ல.
கற்கண்ட உடைச்ச மாதிரி இரிக்கும்.
இது அப்பச்சோடா."
மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன்.
சிரிக்காத ஒருவர் ஒழுக்காற்று ஆசிரியர்.
சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தார்.

அந்தப் பேனைக்கும் பையனுக்கும் நடுவில்
நான் போயிருக்கலாம்.
ஏழு நிமிடம்தான் மிச்சம்.
உறுதிமொழி இருந்தது, குழுப்படம் இருந்தது.
இருநூற்றுப் பதினான்கு கைகள் நீண்டன.
சப்பாத்துக்காரியின் கை எது?
எல்லாம் ஒரே உயரத்தில் நின்றன.

அடுத்த மாதம் போனபோது
கடைசி வாங்கில் ஓர் இடம் வெறுமை.
"விலகல் பத்திரம் குடுத்தாச்சு மிஸ்.
உங்கட புரோகிராம் நல்லம்,
ஒராளப் பிடிச்சுத் தந்திட்டு."
அறிக்கையில் அதற்கும் ஒரு கூடு இருந்தது:
'அடையாளம் காணப்பட்டோர்'.
ஒன்று என்று போட்டேன்.
வெட்டினேன்.
கூட்டுத்தொகை பிழைக்கிறது என்று
திரும்பவும் போட்டேன்.

வரும்போது பாதையில்
ஸ்கூட்டியின் பின்பக்கத்தை யாரோ தூக்கிவிட்டார்கள்.
அவன்தான். இறால்பெட்டிகளோடு நின்றான்.
"நான் பாவிக்கிறயில்ல மிஸ்.
அண்ணன்ட தலகணிக்குக் கீழ கண்டன்.
எப்படி நிப்பாட்டுற எண்டு கேக்கத்தான் வாயத் திறந்தன்,
அதுக்குள்ள எல்லாரும் சிரிச்சிட்டாங்க."

பை முழுக்கத் துண்டுப்பிரசுரம்.
ஒன்றை எடுத்து இலக்கத்தைக் காட்டினேன்.
வாசித்தான்.
"எட்டரையிலிருந்து நாலேகால் மட்டும் எண்டு போட்டிரிக்கி.
அண்ணன் வாறது ராவில மிஸ்."
என் சொந்த இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.
வாவி முழுவதும் அவன் வேறெதுவும் பேசவில்லை.
இதுவரை அழைப்பு வரவில்லை.

படங்கள் கொழும்பில் அங்கீகரித்தவை.
ஒன்றைக்கூட நான் மாற்றக் கூடாது.
மூன்று கடிதம் போட்டுவிட்டேன்.
அதுவரை ஒரு வழி வைத்திருக்கிறேன்.
பத்தாவது படத்தில்
ஆசிரியர்களைத் தேத்தண்ணிக்கு அனுப்புகிறேன்.
பதினொன்றில் வெளிச்சத்தின் குறுக்கே போய் நிற்கிறேன்.
அப்பச்சோடாவும் மண்டையோடும்
என் சேலையில் விழுகின்றன.
"இந்தப் படத்தில ஒரு பிழை இரிக்கி.
யாருக்குத் தெரிஞ்சாலும் சொல்லலாம்.
எப்படித் தெரியும் எண்டு கேக்க மாட்டன்."

மின்விசிறி நின்ற மண்டபத்தில்
எங்கோ ஒரு வாங்கு கிரீச்சிடுகிறது.
கையைத் தூக்கவா, குனிந்துகொள்ளவா,
இருட்டில் தெரியவில்லை.